சிகரெட் புகை உடம்பில் எவ்வளவு? எச்சில், சிறுநீர், மூச்சு கொண்டு அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

புகை பிடிப்பவரிடம் "ஒரு நாளைக்கு எத்தனை?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஐந்து, பத்து, இல்லையென்றால் ஒரு பாக்கெட். ஏழு என்றோ பதின்மூன்று என்றோ சொல்பவர் அபூர்வம். புகை பிடிக்காதவரிடம் "அடுத்தவர் விடும் புகையை எவ்வளவு நேரம் சுவாசித்தீர்கள்?" என்று கேட்பது இன்னும் கஷ்டம். டீக்கடை வாசலில் நின்ற பத்து நிமிடத்தை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? கர்ப்பிணிகளும், மாரடைப்புக்குப் பிறகு விட்டுவிட்டதாகச் சொல்லும் நோயாளிகளும், பள்ளி மாணவர்களும் உண்மையைச் சொல்லத் தயங்குவார்கள். அதில் தப்பு சொல்லவும் முடியாது.

அதனால்தான் எச்சில், சிறுநீர், இரத்தம், மூச்சு, முடி ஆகியவற்றில் புகையின் தடயத்தைத் தேடுகிறோம். சமூக மருத்துவம் படிப்பவர்கள், நர்சிங் ஆய்வு செய்பவர்கள், புகை நிறுத்த மையங்களில் வேலை செய்பவர்கள், தொண்டு நிறுவனங்களில் கள ஆய்வு நடத்துபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இன்சூரன்ஸுக்காகக் கோட்டினின் (உள்ளே போன நிக்கோடினை உடம்பு மாற்றுவதால் உண்டாகும் பொருள்) சோதனை செய்யச் சொல்லி, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்களுக்கும் உதவும்.

ஒரு ஏற்பாடு: இந்தக் கட்டுரையில் வெறுமனே "14 நானோகிராம்" என்று எழுதினால், ஒரு மில்லிலிட்டருக்கு 14 நானோகிராம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: கேள்வியை முடிவு செய்யுங்கள்

எந்தச் சோதனைக் கிட்டை வாங்கலாம் என்பதில் ஆரம்பிக்கும் ஆய்வுகள்தான் பாதி வழியில் மாட்டிக்கொள்கின்றன. முதலில் உங்கள் கேள்வி எது என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். அது கீழே உள்ள மூன்றில் ஒன்றாக இருக்கும்.

இவர் புகைக்கிறாரா, நிறுத்திவிட்டாரா? இது ஆம்-இல்லை கேள்வி. புகைக்காத இவர் அடுத்தவர் விடும் புகையை எவ்வளவு வாங்குகிறார்? இது அளவுக் கேள்வி. முதல் கேள்வியின் எண்களைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு சிறிய எண்களைத் தேட வேண்டிவரும். புகையில் உள்ள புற்றுநோய்ப் பொருள் உடம்புக்குள் எவ்வளவு போகிறது? இது மூன்றாவது. இதற்கு நிக்கோடினை அளந்து பயனில்லை, ஏனென்றால் புற்றுநோயை உண்டாக்குவது நிக்கோடின் அல்ல.

கூடவே காலத்தையும் முடிவு செய்யுங்கள். நேற்றைய புகையா, போன வாரத்துப் புகையா, கர்ப்ப காலம் முழுவதுமா? ஒவ்வொரு பொருளும் உடம்பில் தங்கும் நேரம் வேறு.

இரண்டாம் படி: எந்தப் பொருளைத் தேடுவது

நிக்கோடினையே அளந்தால் என்ன? அது இரத்தத்தில் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலையில் ஒன்று பிடித்துவிட்டு மாலையில் வந்தால் அநேகமாகக் காணாமல் போயிருக்கும். போதாததற்கு, புகைப்பவரின் விரலிலும் சட்டையிலும் நிக்கோடின் ஒட்டியிருக்கும். மாதிரி எடுக்கும் குழாயைத் தொட்டாலே கெட்டுப்போகும்.

கோட்டினின் அப்படியல்ல. உள்ளே போன நிக்கோடினில் 70 முதல் 80 சதவீதத்தைக் கல்லீரல் கோட்டினினாக மாற்றுகிறது. அது பாதியாகக் குறைய 16 முதல் 18 மணி நேரம் ஆகும். புகையில் நேரடியாகக் கோட்டினின் மிகக் குறைவு என்பதால் வெளியிலிருந்து ஒட்டும் பிரச்சினையும் பெரிதாக இல்லை. ஆகவே மாதிரியில் இருப்பது அந்த உடம்புக்குள் போய் வந்த நிக்கோடின்தான் என்று நம்பலாம். உலகம் முழுவதும் இதையே முதல் தேர்வாக வைத்திருப்பதற்குக் காரணம் இது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தினமும் புகைப்பவரின் இரத்தத்தில் கோட்டினின் 200 முதல் 300 நானோகிராம் வரை இருப்பது சகஜம். 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் இன்று அடியோடு நிறுத்துகிறார். 17 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியானால் மூன்று நாள் கழித்து சுமார் 13; ஐந்து நாள் கழித்து சுமார் 2. கட்-ஆஃப் (இதைத் தாண்டினால் புகைப்பவர் என்று எடுத்துக்கொள்ளும் எல்லைக்கோடு) 14 என்று வைத்திருக்கும் சோதனையை மூன்று நாள் விரதம் இருந்தே ஜெயித்துவிடலாம்! "ஆறு மாதமாக நிறுத்திவிட்டேன்" என்பதைக் கோட்டினின் உறுதி செய்யாது. கடந்த சில நாட்களைப் பற்றித்தான் அது பேசும். ஆய்வுக் கட்டுரைகளில் இதைக் கவனிக்காமல் எழுதுபவர்கள் ஏராளம்.

கத்தரிக்காய் சாப்பிட்டால் கோட்டினின் வருமா என்று கூட்டங்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். வரும். கத்தரி, தக்காளி, உருளை எல்லாம் புகையிலையின் குடும்பம்தான். 10 கிராம் கத்தரிக்காயில் சுமார் 1 மைக்ரோகிராம் நிக்கோடின் இருப்பதாக 1993-இல் அமெரிக்காவில் அளந்து வெளியிட்டார்கள். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குப் போவது சுமார் 1 மில்லிகிராம். அதாவது ஒரு சிகரெட்டுக்கு ஈடாக 10 கிலோ கத்தரிக்காய் சாப்பிட வேண்டும். எண்ணெய்க் கத்தரிக்காய்ப் பிரியர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

அடுத்தது மூச்சில் வரும் கார்பன் மோனாக்சைடு. எரிவதிலிருந்து வருவது இது. இரத்தத்தில் ஹீமோகுளோபினுடன் ஒட்டிக்கொண்டு, பிறகு மூச்சு வழியே வெளியேறும். பாதியாக 4, 5 மணி நேரம். ஓடியாடி வேலை செய்தால் இன்னும் சீக்கிரம். மலிவு, உடனே முடிவு தெரியும், ஊசி இல்லை, லேப் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு முந்தைய கதை அதற்குத் தெரியாது.

புகையில் உள்ள சயனைடிலிருந்து உடம்பில் உண்டாகும் தயோசயனேட்டும் உண்டு. ஒன்றிரண்டு வாரம் உடம்பில் தங்கும் என்பதால் ஒரு காலத்தில் பிரபலம். முட்டைக்கோஸ், மரவள்ளிக் கிழங்கு சாப்பிட்டாலும் கூடும். லண்டனில் மார்ட்டின் ஜார்விஸும் சகாக்களும் மருத்துவமனைக்கு வந்த 211 பேரிடம் பல சோதனைகளை ஒப்பிட்டு 1987-இல் எழுதியபோது கோட்டினின் முதலிடம் பிடித்தது. தயோசயனேட் மோசமாகத் தோற்றது. புதிய ஆய்வில் அதைச் சேர்க்க ஒரு காரணமும் இல்லை.

என்.என்.ஏ.எல் என்பது வேறு ரகம். புகையிலைக்கே உரிய என்.என்.கே என்ற பொருள் (நைட்ரோசமைன் வகை) நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமானது. உடம்பு அதை என்.என்.ஏ.எல் ஆக மாற்றிச் சிறுநீரில் விடுகிறது. பாதியாகக் குறைய 10 முதல் 18 நாள் வரை ஆகும் என்பதால் சில வாரங்களின் கதையைச் சொல்லும். புகைப்பவர் பக்கத்தில் இருந்தவர்களின் சிறுநீரிலும் இந்தப் புற்றுநோய்ப் பொருளின் தடயம் இருப்பதை அமெரிக்காவின் ஸ்டீபன் ஹெக்ட் குழு 1993-இல் காட்டியது. மூன்றாவது வகைக் கேள்விக்கு இதுதான் சரியான பொருள். சிரமம் என்னவென்றால் அளவு பிக்கோகிராம் (நானோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் இருக்கும். நல்ல மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (மூலக்கூறுகளை எடையை வைத்து இனம்காணும் கருவி) உள்ள லேப் வேண்டும், செலவும் அதற்கேற்ப.

அனபாசின், அனடாபின் என்று நிக்கோடினின் உறவான இரண்டு சில்லறை ஆல்கலாய்டுகள் புகையிலையில் உண்டு. புகையை நிறுத்த உதவும் நிக்கோடின் சூயிங்கத்திலும், தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டையிலும் அவை இருப்பதில்லை. இதன் பயன் அடுத்த படியில் தெரியும்.

மூன்றாம் படி: உங்கள் ஊரில் யார் குழப்புவார்கள் என்று பாருங்கள்

வெளிநாட்டுக் கட்டுரையில் உள்ள முறையை அப்படியே எடுத்துவந்தால் இங்கேதான் உதைக்கும். இந்தியாவில் 2016-17-இல் நடந்த உலகப் பெரியவர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் 10.7 சதவீதம் பேர் புகைக்கிறார்கள்; 21.4 சதவீதம் பேர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். அதாவது வாயில் அடக்குபவர்கள் புகைப்பவர்களைப் போல இரு மடங்கு. கோட்டினினுக்கு இருவரும் ஒன்றுதான். வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டியின் எச்சில் சோதனை, ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிப்பவரின் முடிவைப் போலவே வரலாம்.

ஆகவே எரிந்த புகை எவ்வளவு என்பதே உங்கள் கேள்வியானால், கோட்டினின் மட்டும் போதாது. மூச்சுச் சோதனையையும் சேருங்கள். மெல்பவருக்குக் கார்பன் மோனாக்சைடு ஏறாது. என்.என்.ஏ.எல் இங்கே கைகொடுக்காது, மெல்லும் புகையிலையிலும் என்.என்.கே இருக்கிறது.

நிக்கோடின் சூயிங்கம், பட்டை பயன்படுத்தி நிறுத்த முயல்பவரிடம் கதை தலைகீழ். அவருக்குக் கோட்டினின் நிச்சயம் ஏறியிருக்கும். அது பொய் சொன்னதற்கு அடையாளமல்ல. அவரிடம் மூச்சுச் சோதனை செய்யலாம், வசதி இருந்தால் சிறுநீரில் அனபாசின் அல்லது என்.என்.ஏ.எல் பார்க்கலாம். இந்தியாவில் 2019 சட்டப்படி இ-சிகரெட் தடை செய்யப்பட்டது. என்றாலும் கேள்வித்தாளில் அதையும் கேளுங்கள். அதிலும் கோட்டினின் ஏறும், மூச்சில் கார்பன் மோனாக்சைடு ஏறாது.

பீடி சுற்றுபவர்களை மறந்துவிடாதீர்கள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் ஆய்வு என்றால் இது முதல் கேள்வியாகவே இருக்க வேண்டும். மடியில் முறத்தை வைத்து நாள் முழுக்கப் புகையிலைத் தூளைக் கையாளும் பெண்ணுக்கு, வீட்டில் யாரும் புகைக்காமலேயே, தூசி வழியாகவும் தோல் வழியாகவும் நிக்கோடின் போகும். அதே வீட்டில் தூளின் நடுவே தவழும் குழந்தைக்கும் போகலாம். புகையிலைத் தோட்டத்தில் ஈர இலையைப் பறிப்பவர்களுக்கும் இப்படித்தான். யாழ்ப்பாணத்துப் புகையிலைக் கிராமங்களில் ஆய்வு செய்பவர்களும் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கைக்குழந்தை என்றால் இன்னொரு வழி: தாய்ப்பால். தாய் புகைத்தாலோ புகையிலை மென்றாலோ நிக்கோடின் பாலில் வரும். குழந்தையின் சிறுநீரில் உள்ள கோட்டினினுக்கு அப்பாவின் சிகரெட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் தாயிடமும் கேட்டிருக்க வேண்டும்.

மூச்சுச் சோதனைக்கும் எதிரிகள் உண்டு. விறகடுப்பு, டீசல் ஜெனரேட்டர், நெரிசல் ரோட்டில் ஆட்டோ ஓட்டுவது, செங்கல் சூளை வேலை. பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காதவர்களின் மூச்சில் ஹைட்ரஜன் வரும். சில மீட்டர்கள் அதைக் கார்பன் மோனாக்சைடு என்று எண்ணி எண்ணைக் கூட்டிக் காட்டும்.

நான்காம் படி: எந்த மாதிரி

எச்சில், குழந்தைகளிடமும் வீடு வீடாகப் போகும் ஆய்விலும் முதல் தேர்வு. ஊசி இல்லை, கழிவறை தேட வேண்டாம், கண்முன்னே கொடுப்பதால் மாற்றிக் கொடுக்கவும் முடியாது. எச்சில் கோட்டினின் இரத்த அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம், கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

சிறுநீரில் கோட்டினின் இரத்தத்தைப் போல 4 முதல் 6 மடங்கு இருக்கும். எண் பெரிதாவதால் லேசான புகையையும் பிடிக்கலாம். ஆனால் தண்ணீர் குடித்த அளவைப் பொறுத்து எண் மாறும். சித்திரை வெயிலில் எடுத்த சிறுநீரும் மழைக்காலத்தில் எடுத்ததும் ஒன்றல்ல. அதனால் கிரியாட்டினினையும் (தசையிலிருந்து வந்து சிறுநீரில் வெளியேறும் கழிவுப் பொருள்) அளந்து, ஒரு மில்லிகிராம் கிரியாட்டினினுக்கு இவ்வளவு கோட்டினின் என்று எழுத வேண்டும். கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 30 முதல் 300 மில்லிகிராமுக்குள் இல்லாத மாதிரியைப் பொதுவாக ஒதுக்கிவிடுவார்கள்.

இரத்தம், ஏற்கெனவே வேறு காரணத்துக்காக ஊசி போடும் ஆய்வுகளுக்குச் சரி. கோட்டினினுக்காக மட்டும் குத்தாதீர்கள்.

முடி, மாதக்கணக்கில் பின்னோக்கிப் பார்க்க உதவும். மாதத்துக்கு சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது என்பதால், தலையோட்டை ஒட்டி வெட்டிய 3 சென்டிமீட்டர் முடி மூன்று மாதக் கதை. இதில் அளப்பது பெரும்பாலும் நிக்கோடினை. கறுப்பு முடி அதிகம் பிடித்துவைக்கும். டை அடித்தால் குறையும். வெளியிலிருந்து படிந்ததைக் கழுவ வேண்டும். பழனியில் போன மாதம் மொட்டை போட்ட குழந்தையிடம் இந்த முறை செல்லாது என்பதையும் ஆய்வுத் திட்டத்தில் யோசித்து வையுங்கள்.

ஐந்தாம் படி: மூச்சுச் சோதனை செய்யும் விதம்

மீட்டர் கையடக்கமானது. ஆளுக்கு ஒரு அட்டைக் குழல் மாட்டுவீர்கள். தொடங்குமுன் அறைக் காற்றில் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். பூஜ்யம் காட்டவில்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். பின்வாசலில் ஜெனரேட்டர் ஓடும் ஆஸ்பத்திரி அறையில் ஊதவைத்து என்ன பயன்?

வந்தவரை உட்காரவையுங்கள். ஓடி வந்தவர் மூச்சு வாங்கி முடியட்டும். ஆழமாக மூச்சை இழுத்து 15 விநாடி அடக்கச் சொல்லுங்கள். மீட்டரே எண்ணிக் காட்டும். இந்த 15 விநாடிதான் விஷயமே. இரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடும் நுரையீரல் காற்றில் உள்ளதும் சமநிலைக்கு வர அந்த நேரம் தேவை. நான்கு விநாடியில் ஊதிவிட்டால் எண் குறைந்து வரும். நுரையீரல் நோய் உள்ளவர்களும் வயதானவர்களும் 15 வரை அடக்க முடியாமல் திணறுவார்கள். வற்புறுத்த வேண்டாம், எத்தனை விநாடி அடக்கினார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு குழலை உதட்டால் இறுக்கிப் பிடித்து மெதுவாக, கடைசி வரை ஊத வேண்டும். பலூன் ஊதுவதுபோல் ஒரே மூச்சாக 'புஸ்' என்று விடுவதுதான் எல்லோரும் செய்வது. ஒருமுறை நீங்கள் செய்து காட்டுங்கள். நுரையீரலின் அடியில் உள்ள காற்றுதான் நமக்கு வேண்டும், அது கடைசியில்தான் வரும். ஒருவருக்கு இரண்டு முறை எடுங்கள்; நடுவில் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள்.

எண் பிபிஎம்மில் (பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு) வரும். அதை இரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபின்) சதவீதமாக மாற்ற, 0.16-ஆல் பெருக்கி 0.63 கூட்டுங்கள். 10 பிபிஎம் என்றால் சுமார் 2.2 சதவீதம். நோயாளிக்கு இந்தச் சதவீதத்தைச் சொன்னால் சட்டென்று புரியும்: "உங்க ரத்தத்துல இவ்வளவு பங்கு ஆக்சிஜனுக்குப் பதிலா புகையைச் சுமக்குது." புகை நிறுத்த மையங்களில் இந்த மீட்டரின் உண்மையான மதிப்பு இங்கேதான் என்பது என் கருத்து. நிறுத்திய மறுநாளே எண் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

நேரத்தையும் எழுதுங்கள். காலையில் எழுந்ததும் எண் குறைவாகவும், நாள் போகப் போக ஏறியும் இருக்கும். எல்லோருக்கும் மதியத்துக்கு மேல் எடுப்பது நல்லது. கடைசிப் புகை எப்போது என்பதைக் கேட்காமல் எடுத்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

ஆறாம் படி: எச்சில் எடுப்பது

அரைமணி நேரத்துக்கு முன்பிருந்து சாப்பாடு, டீ, மிட்டாய் வேண்டாம். வாயைச் சாதாரணத் தண்ணீரில் கொப்பளித்துப் பத்து நிமிடம் விடுங்கள். உடனே எடுத்தால் தண்ணீர்தான் வரும். பல் தேய்த்தவுடனும் வேண்டாம், ஈறில் இரத்தம் கசிந்தால் மாதிரி கெடும். வெற்றிலை போடுபவரென்றால் எச்சிலில் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்துக் குறியுங்கள். அத்தகைய மாதிரியை ஏற்பார்களா என்று லேப்பில் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

பெரியவர்கள் தலையைக் குனிந்து, வாயில் தானாக ஊறும் எச்சிலைக் குழாய்க்குள் வடியவிடலாம். கூச்சமாக இருக்கும்தான், திரும்பி நின்றுகொள்ளுங்கள். காறித் துப்பவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சளி வந்தால் லேப்காரர் திட்டுவார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பஞ்சு உருளை சுலபம்: கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்துவிட்டு எடுத்துக் குழாயில் போட வேண்டியதுதான். புளிப்பு மிட்டாய் காட்டி எச்சிலை ஊறவைக்கும் தந்திரம் வேண்டாம், எச்சில் பெருகினால் கோட்டினின் நீர்த்துப்போகும். சின்னக் குழந்தைகளுக்கு உருளையை வாயில் விடவே கூடாது. நீளக் காம்புள்ள பஞ்சுக் குச்சியை உங்கள் கையில் பிடித்தபடியே வையுங்கள்.

மாதிரி எடுப்பவர் புகைக்காதவராக இருப்பது நல்லது. புகைப்பவரே எடுக்க வேண்டியிருந்தால் கையுறை கட்டாயம். குழாயில் எண்ணை எழுதுவது ஈரத்தில் அழியாத பேனாவால், பெயர் எழுதாதீர்கள். ஐஸ் பெட்டியில் வைத்து, அன்று மாலைக்குள் மைனஸ் 20 டிகிரி ஃபிரீசருக்குப் போகட்டும். கோட்டினின் கெட்டியான பொருள், இரண்டு மணி நேரம் தாமதமானால் அழிந்துவிடாது. ஆனால் உருகி உறைந்து உருகினால் முடிவை நம்புவது சிரமம். அதனால் முதலிலேயே இரண்டு சின்னக் குழாய்களாகப் பிரித்து வையுங்கள்.

ஏழாம் படி: லேப்பிடம் என்ன கேட்பது

"கோட்டினின் பண்ணுவீங்களா?" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் "பண்ணுவோம்" என்பார்கள். குறைந்தபட்சம் எவ்வளவு வரை பிடிக்க முடியும் என்று கேளுங்கள். அடுத்தவர் புகையை அளக்கும் ஆய்வுக்கு 0.1 நானோகிராமோ அதற்குக் கீழோ தெரிய வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சோதனைப் பட்டைகளில் பல, 200 நானோகிராமைத் தாண்டினால்தான் கோடு மாறும். அதைக் கொண்டு "வீட்டுப் புகை குழந்தையைப் பாதிக்கவில்லை" என்று முடிவுகட்டினால் அந்த ஆய்வு குப்பைக்குத்தான்.

எலைசா (ஆன்டிபாடி கொண்டு பொருளைப் பிடிக்கும் சோதனை) மலிவு, ஆனால் கோட்டினினின் உறவான ஹைட்ராக்ஸிகோட்டினினையும் சேர்த்துப் பிடிக்கும். சிறுநீரில் இதனால் எண் கூடும். எல்.சி. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (பொருள்களைத் திரவத்தில் பிரித்து, பிறகு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளப்பது) துல்லியமானது. எலைசா எண்ணையும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி எண்ணையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். ஒரே மாதிரியை இரண்டு வெவ்வேறு எண்ணிட்டு அனுப்புங்கள், வெறும் காய்ச்சி வடித்த நீரையும் சிலவற்றில் வைத்து அனுப்புங்கள். லேப்புக்குச் சொல்ல வேண்டாம். திரும்பி வரும் எண்களே லேப்பின் தரத்தைச் சொல்லிவிடும்.

எட்டாம் படி: கட்-ஆஃப்

எல்லோரும் அவசரமாகக் கடந்து போகும் இடம் இது. நின்று பார்ப்போம்.

1987 ஜார்விஸ் ஆய்வு தந்த எல்லைக்கோடு இரத்தத்தில் சுமார் 14 நானோகிராம், எச்சிலில் கிட்டத்தட்ட அதே, சிறுநீரில் 50. நிக்கோடின் ஆய்வாளர் சங்கத்தின் 2002 பரிந்துரையும் இரத்தம், எச்சிலுக்கு 15, சிறுநீருக்கு 50, மூச்சுக்கு 8 முதல் 10 பிபிஎம் என்றுதான் இருந்தது. பிறகு அமெரிக்காவின் 1999-2004 தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பு இரத்த மாதிரிகளை நீல் பெனோவிட்ஸ் குழு ஆராய்ந்து 2009-இல் எழுதியபோது, பெரியவர்களுக்குச் சரியான கோடு 3 நானோகிராம் பக்கம் என்று வந்தது.

14 எப்படி 3 ஆனது? மனித உடம்பு மாறவில்லை, காற்று மாறியது. எண்பதுகளில் ஆபீஸ், பஸ், ஓட்டல் எல்லாம் புகை மண்டலம். புகைக்காதவர்களுக்கே பல நானோகிராம் இருந்தது. அவர்களைத் தவறாகப் பிடிக்காமலிருக்கக் கோடு உயரத்தில் இருக்க வேண்டியிருந்தது. சட்டங்கள் வந்து காற்று சுத்தமானதும் புகைக்காதவர்களின் எண் இறங்கியது, கோடும் இறங்கியது. அமெரிக்காவில் புகைக்காதவர்களில் இரத்தக் கோட்டினின் 0.05 நானோகிராமோ அதற்கு மேலோ இருந்தவர்கள் 1988-91-இல் 87.5 சதவீதம், 2013-14-இல் 25.2 சதவீதம்.

இதிலிருந்து நமக்கு என்ன? உங்கள் ஊரின் காற்று எப்படி என்பதைப் பொறுத்துத்தான் கோடு. மேலே சொன்ன இந்தியக் கணக்கெடுப்பில் 38.7 சதவீதம் பேர் வீட்டிலேயே அடுத்தவர் புகைக்கு ஆளாவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அமெரிக்காவின் 3-ஐக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், கணவனின் புகையைச் சுவாசித்த மனைவியைப் 'புகைப்பவர்' என்று எழுத நேரலாம். முடிந்தால் புகைப்பதை ஒளிக்கத் தேவையில்லாத ஒரு சிறு குழுவிடம் முதலில் அளந்து, உங்கள் கோட்டை நீங்களே கண்டுபிடியுங்கள். முடியாவிட்டால் இரண்டு மூன்று கோடுகளிலும் முடிவைக் காட்டுங்கள்.

கர்ப்பிணிகளுக்குத் தனிக் கணக்கு. கர்ப்ப காலத்தில் கல்லீரல் கோட்டினினை வேகமாக வெளியேற்றும். பாதியாகும் நேரம் சுமார் 9 மணியாகக் குறைகிறது. அதே அளவு புகைத்தாலும் எண் குறைவாக வரும். இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகவே மூச்சுச் சோதனை செய்கிறார்கள். 4 பிபிஎம் அல்லது அதற்கு மேல் இருந்தாலே உதவி மையத்துக்கு அனுப்புகிறார்கள். குற்றம் கண்டுபிடிக்க அல்ல, உதவி யாருக்குத் தேவை என்று பார்க்க வைத்த கோடு என்பதால் அது தாழ்வாக இருக்கிறது. சில சமயம் அந்த எண் வீட்டு கேஸ் அடுப்பின் கோளாறைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு.

ஒன்பதாம் படி: கேள்வித்தாள், பிறகு கணக்கு

மாதிரி எடுத்த அன்றே கேள்வித்தாளையும் முடியுங்கள். கேள்வி கடந்த மூன்று நாளைப் பற்றி இருக்கட்டும், கோட்டினினின் ஞாபகமும் அவ்வளவுதான். புகை, பீடி, சுருட்டு, வெற்றிலையோடு புகையிலை, பாக்கெட் புகையிலை, புகையிலை கலந்த பல்பொடி, சூயிங்கம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "புகையிலை பயன்படுத்துவீர்களா?" என்ற ஒற்றைக் கேள்விக்குப் பல்பொடிக்காரர் "இல்லை" என்றே சொல்வார், அவரைப் பொறுத்தவரை அது பல்பொடி.

கோட்டினின் எண்கள் ஒரு பக்கம் நீண்ட வால் கொண்டவை. நிறைய பேருக்கு 0.1, 0.3, ஒருவருக்கு 40. சாதாரண சராசரி எடுத்தால் அந்த ஒருவரே முடிவைத் தீர்மானிப்பார். லாகரிதம் எடுத்து, பெருக்கல் சராசரியை (லாகரிதங்களின் சராசரியைத் திரும்பச் சாதாரண எண்ணாக்கியது) காட்டுங்கள். கண்டறியும் எல்லைக்குக் கீழே போனவற்றைப் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். எல்லையை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்துப் போடுவது வழக்கம். எல்லை 0.05 என்றால் 0.035. பாதிக்கு மேற்பட்டவை எல்லைக்குக் கீழே என்றால் வேறு முறை வேண்டும், புள்ளியியல் தெரிந்தவரிடம் போங்கள்.

சின்ன எண்களை வைத்து எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்ல முடியும் என்பதற்கு ஸ்காட்லாந்து நல்ல உதாரணம். 2006 மார்ச் 26 முதல் மூடிய பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. தடைக்கு முன்னும் பின்னும் தொடக்கப்பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகளின் எச்சிலை எடுத்தார்கள். புகைக்காத பிள்ளைகளின் பெருக்கல் சராசரி 0.36-லிருந்து 0.22 நானோகிராமாக, 39 சதவீதம், குறைந்தது. புகைக்காத பெரியவர்களிடமும் 0.43-லிருந்து 0.25. ஆனால் பெரியவர்களைப் பிரித்துப் பார்த்தபோது, வீட்டில் யாரும் புகைக்காதவர்களுக்கு 49 சதவீதம் குறைந்திருந்தது. புகைப்பவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களிடம் உறுதியாகச் சொல்லும்படியான குறைவு இல்லை. சட்டம் மதுக்கடைக்குள் போனது, வீட்டு வரவேற்பறைக்குள் போகவில்லை. வெறும் கேள்வித்தாளால் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

பத்தாம் படி: முடிவை யாரிடம் சொல்வது

இதை ஆய்வு முடிந்தபின் யோசிப்பவர்கள் அதிகம். மாதிரி எடுக்குமுன் எழுதிவைக்க வேண்டிய விஷயம் இது, நெறிமுறைக் குழுவும் கேட்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைப்படி பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது. 7 முதல் 12 வயதுப் பிள்ளையிடம் வாய்வழி ஒப்புதலும், அதற்கு மேல் 18 வரை எழுத்து வழி ஒப்புதலும் வாங்க வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பையனின் எச்சிலில் 120 நானோகிராம் வருகிறது. அப்பாவிடம் சொல்வீர்களா? சொன்னால் வீட்டில் அடி விழும், அடுத்த பள்ளியில் ஒருவரும் எச்சில் கொடுக்க மாட்டார்கள். மாமியார் வீட்டில் இருக்கும் மருமகளின் சோதனை 'பாசிட்டிவ்' என்று வாசலில் நின்று சொன்னால் என்ன ஆகும், அது பீடித்தூளாகவே இருந்தாலும்? தனிப்பட்டவரின் முடிவை அவரிடம் மட்டும், அவர் கேட்டால் மட்டும், தனியாகச் சொல்வது என்று முதலிலேயே முடிவு செய்து, சம்மதப் படிவத்தில் எழுதி, வாய்விட்டும் சொல்லிவிடுங்கள். குழந்தையின் வீட்டுப் புகை பற்றிய முடிவு என்றால் எண்ணை மட்டும் நீட்டாமல், அதே வயதுப் பிள்ளைகளின் சராசரியையும் பக்கத்தில் வையுங்கள்; தனி எண் யாருக்கும் புரியாது.

இன்சூரன்ஸ் சோதனைக்கு வந்தவர்களுக்கு: நிக்கோடின் சூயிங்கம், பட்டை, வெற்றிலைப் புகையிலை எது பயன்படுத்தினாலும் விண்ணப்பத்தில் எழுதுங்கள், மாதிரி எடுக்க வருபவரிடமும் சொல்லுங்கள். பாசிட்டிவ் வந்து, நீங்கள் எதையும் தொடாதவர் என்றால், எந்த முறையில் அளந்தார்கள், கட்-ஆஃப் எவ்வளவு, எண் எவ்வளவு என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிறுநீர்ப் பட்டைச் சோதனை என்றால் அதே மாதிரியை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் மறுபடி பார்க்கச் சொல்லலாம்.